நிலவில் இறங்கும் விளையாட்டு

விளையாட்டு என்றால் வீண்பொழுது என்று கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே நெடுநாளாக இருந்துவருகிறது. அதிலும் கைப்பேசியில் ஆடும் விளையாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். கண் கெட்டது, படிப்புக் கெட்டது, பிள்ளையே கெட்டான் என்று மூன்று கேட்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பெற்றோர் கைப்பேசியைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பூட்டிய கையோடு அவர்களில் எத்தனை பேர் நாலு நம்பர் கடைக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ளோர் யாவரும் அறிந்த விஷயமே அது. இவ்விரண்டு ஆட்டங்களில் வீணானது எது என்று சற்று நின்று ஆராயலாம் என்பதே நம் எண்ணம்.

கைப்பேசியில் வரும் விளையாட்டுகள் அனைத்தையும் ஆதரிக்க நாம் புறப்படவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை குப்பை என்பதே நம் அபிப்பிராயம். ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். பழைய பாணியில் அமைந்த மிக எளிய விளையாட்டு அது. கறுப்புத் திரையில் ஒரு சிறு கலம். அடியில் கரடுமுரடான கோடாக நிலவின் தரை. கலம் தானாகவே விழுந்துகொண்டிருக்கும். விரலால் அழுத்தினால் அடியிலுள்ள எஞ்சின் எரிந்து வீழ்ச்சியைத் தடுக்கும். எடுத்தால் மீண்டும் விழும். மூலையில் மூன்று எண்கள்: உயரம், வேகம், எஞ்சிய எரிபொருள். மெல்லத் தரை தொட்டால் வெற்றி. வேகமாய்த் தொட்டால் கலம் சுக்குநூறு. சுடுவதற்குப் பகைவன் இல்லை, பொறுக்குவதற்குப் பொற்காசு இல்லை. இவ்வளவுதான்.

சிம்பாங் பூலாயில் இதை நாம் ஊன்றிக் கவனிக்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. மலாய்மொழியில் சிம்பாங் என்றால் சந்தி. பூலாய் என்பது நாம் ஏழிலைப்பாலை என்று சொல்லும் மரம். மரம் இருக்கிறதோ இல்லையோ, சந்தி இன்னும் சந்தியாகவே இருக்கிறது. கேமரன் மலைக்குக் கிழக்கே ஏறும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. குன்றுகளை உடைத்து எடுத்த கல்லைச் சுமந்து லாரிகள் ஓடியவண்ணம் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் முன்பு கித்தா மரம் நின்ற இடங்களிற் சில செம்பனையாகவும் சில வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. பால்வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தாமான்களில் இருக்கிறார்கள்.

அத்தகைய பையன்கள் நால்வர் ஓர் ஒட்டுக்கடையில் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒருமுறை ஆடுவது, கலம் உடைந்தால் அடுத்தவனிடம் கொடுத்துவிடுவது என்பது ஒப்பந்தம். அவர்களுள் ஒருவன் மிக ஜாக்கிரதைக்காரன். கலம் தோன்றிய கணத்திலிருந்தே விரலை எடுக்காமல் கொஞ்சங்கொஞ்சமாய் எரித்து, பட்டுப்போல் இறக்கிக்கொண்டு வந்தான். தரைக்குச் சற்று மேலே எரிபொருள் தீர்ந்துபோயிற்று; கலம் விழுந்து உடைந்தது. மீண்டும் அவன் முறை வந்தபோது முன்னிலும் ஜாக்கிரதையாக ஆடினான். முன்னிலும் உயரத்திலேயே எரிபொருள் தீர்ந்தது.

பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மேலேருந்தே பிரேக்கப் பிடிச்சிக்கிட்டே வந்தா, வளைவு வர்றப்போ பிரேக் இருக்காதுப்பா" என்றார்.

"விட்டா மோதிருமே அண்ணே" என்றான் பையன்.

"மோதும். எப்பப் பிடிக்கணும்னு தெரியாமப் பிடிச்சாலும் மோதும்" என்று சொல்லிவிட்டு அவர் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மலைச்சாலையில் லாரியின் பிரேக் சூடேறிக் கெடுவதும், நிலவுக்கலத்தின் தொட்டி வற்றுவதும் ஒன்றல்லதான். ஆனால் ஓட்டுநர் சொன்ன சொல்லில் விஷயம் இருக்கிறது. அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். வாசகர்கள் கணக்கென்று அஞ்சவேண்டா. கூட்டலும் பெருக்கலும் போதும்.

நிலவு தன்மேல் விழும் பொருளின் வேகத்தை நொடிதோறும் ஏறத்தாழ நொடிக்கு 5 அடி வீதம் கூட்டுகிறது. பூமி கூட்டுவது 32 அடி. நம் கலம் 500 அடி உயரத்தில் இருக்கிறது. நொடிக்கு 50 அடி வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது என்று கொள்வோம். ஒரு பங்கு எரிபொருளை எரித்தால் நொடிக்கு 1 அடி வேகம் குறையும். தொட்டியில் இருப்பது 120 பங்கு.

ஜாக்கிரதைக்காரன் முதலிலிருந்தே ஒரே சீராகத் தடுக்கிறான். 50 அடி வேகம் படிப்படியாய்ச் சூனியமாகும்போது சராசரி வேகம் 25 அடி; ஆகவே 500 அடியைக் கடக்க 20 நொடி. ஒவ்வொரு நொடியும் வேகத்தில் 2.5 அடி குறையவேண்டும். நிலவு கூட்டும் 5 அடியையும் சேர்த்து அழிக்கவேண்டும். ஆக நொடிக்கு 7.5 பங்கு. இருபது நொடிக்கு 150 பங்கு. அவனிடம் இருப்பதோ 120. பதினாறாம் நொடியில் தொட்டி காலி. அப்போது கலம் தரைக்கு மேலே வெறும் 20 அடியில், நொடிக்கு 10 அடி வேகத்தில் இருக்கும். அங்கிருந்து விழுந்து 17 அடி வேகத்தில் மோதும்.

மற்றொருவன் முதல் 5 நொடி கையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். வேகம் 75 அடியாகிறது. பார்ப்பவர்க்கு நெஞ்சு பதறுகிறது. இதற்குள் 312.5 அடி இறங்கிவிட்டான்; எஞ்சியது 187.5 அடி. இப்போது எஞ்சினை முழுவீச்சில், நொடிக்கு 20 பங்கு வீதம் எரிக்கிறான். நிலவின் 5 போக, வேகம் நொடிக்கு 15 அடி குறைகிறது. ஐந்தே நொடியில் வேகமும் தீர்ந்தது, உயரமும் தீர்ந்தது. செலவு 100 பங்கு. தொட்டியில் இன்னும் 20 மிச்சம்!

இது மாயமன்று. இருவரும் முதலில் இருந்த 50 அடி வேகத்தை அழித்தே ஆகவேண்டும். அதற்கு 50 பங்கு. அதற்குமேல் ஆகாயத்தில் தங்கும் ஒவ்வொரு நொடிக்கும் நிலவு 5 பங்கு வட்டி வாங்குகிறது. முதலாமவன் 20 நொடி தங்கினான், வட்டி 100. இரண்டாமவன் 10 நொடி தங்கினான், வட்டி 50. வட்டிக்கடையில் கடன் வாங்கிக் கொஞ்சங்கொஞ்சமாய்க் கட்டி, முதல் அப்படியே நிற்க வட்டியிலேயே ஆயுள் கழிந்தவர்களின் வழிவந்த நமக்கு இக்கணக்கு புரியாமற் போகாது. அச்சத்தால் மெல்ல இறங்குகிறவனே மிகுதியாய்ச் செலவழிக்கிறான்.

அதற்காகத் துணிந்தவனெல்லாம் பிழைப்பான் என்றும் எண்ணவேண்டா. இரண்டாமவன் ஐந்து நொடிக்குப் பதிலாக ஆறு நொடி கையைக் கட்டியிருந்தால், வேகம் 80, எஞ்சிய உயரம் 110 அடி. எஞ்சின் முழுவீச்சில் எரிந்தாலும் கலம் 55 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் மோதியிருக்கும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவேதான் உயிர் இருக்கிறது. அதைக் காட்டுவது சோதிடமன்று, பெருக்கல் வாய்பாடு. சந்திராஷ்டமம் என்று சொல்லி வீட்டைவிட்டுப் புறப்படாதவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. அந்தச் சந்திரனோடு இவ்வளவு நேர்மையாய் வரவு செலவு வைத்துக்கொள்ள ஒரு சிறுவனால் முடிகிறது என்பதை அவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும்.

நிற்க. இவ்விளையாட்டு தோன்றிய வரலாறும் நமக்குச் சம்பந்தமில்லாததன்று. 1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம், நம் நாட்டுக் கணக்குப்படி 21-ஆம் நாள் விடியற்காலையில், ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் நிலவில் இறங்கினார்கள். கணிப்பொறி கொண்டுசென்ற இடம் பாறை நிறைந்ததாக இருக்கவே, ஆம்ஸ்டிராங் கலத்தைத் தம் கையாலேயே செலுத்தி அப்பாற் கொண்டுபோய், எரிபொருள் தீரும் தறுவாயில் இறக்கினார். அதே ஆண்டின் இறுதிக்குள், அமெரிக்காவில் லெக்ஸிங்டன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஜிம் ஸ்டோரர், பி.டி.பி-8 என்னும் கணிப்பொறியில் இந்த விளையாட்டை எழுதினான். படம் கிடையாது. தட்டச்சுப் பொறிபோன்ற ஒன்று உயரத்தையும் வேகத்தையும் எண்களாகக் காகிதத்தில் அடிக்கும். ஆடுகிறவன் அடுத்த 10 நொடிக்கு எவ்வளவு எரிக்கவேண்டும் என்று எண்ணால் பதில் அடிக்கவேண்டும். அம்மாணவனுக்கு வயது 17. பிற்காலத்தில் அவர் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியற் பேராசிரியரானார்.

அதே 1969-இல் நம் பக்கம் நடந்தவை யாவை? குடியுரிமை இல்லாதவர் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்று முந்திய ஆண்டு இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல்லாண்டு இங்கே பால்வெட்டிய தமிழர் பல்லாயிரவர் வேலையிழந்து, மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறினார்கள். டோட்டோ ஆட்டத்தை நடத்துவதற்கென்று அரசாங்கமே ஒரு கம்பெனியை ஏற்படுத்தியதும் அதே ஆண்டில்தான். லெக்ஸிங்டன் பையனுக்கு அவன் பள்ளிக்கூடத்தில் கணிப்பொறி கிடைத்தது. நம் பையன்களுக்குக் கிடைத்தவை இவை. அறிவு அவனுக்கு மிகுதி, நமக்குக் குறைவு என்று யாரேனும் சொன்னால் அதை நாம் ஒப்புவதற்கில்லை.

கையடக்கமாக இவ்விளையாட்டு வந்ததும் வெகு சீக்கிரத்தில்தான். 1975-இல் ஹியூலெட் பாக்கர்ட் கம்பெனி எச்.பி-25 என்னும் கணக்கிடு கருவியை வெளியிட்டது. சட்டைப்பையில் அடங்கும். விலை 195 அமெரிக்க வெள்ளி. அதில் ஒரே சமயத்தில் 49 கட்டளைகளைத்தான் எழுதிவைக்க முடியும். அந்த 49-க்குள்ளே நிலவில் இறங்கும் விளையாட்டை அடக்கினார்கள்! சிவந்த எண்கள் ஒரு வரிசை. புள்ளிக்கு இடப்புறம் வேகம், வலப்புறம் உயரம். இன்று நம் வீட்டுப் பிள்ளை வைத்திருக்கும் மிக மலிவான கைப்பேசிக்கும் அக்கருவிக்கும் உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆனால் விளையாட்டின் உயிர் அந்த 49 வரியிலேயே முழுமையாக இருந்தது.

1979-இல் அட்டாரி கம்பெனி இதைக் காசு போட்டு ஆடும் பொறியாக்கிற்று. கோட்டால் வரைந்த படம் வந்தது, கைப்பிடி வந்தது. கூடவே ஒரு தந்திரமும் வந்தது. எரிபொருள் குறைந்தால் இன்னொரு காசு போடலாம், தொட்டி நிரம்பும். கணக்கறிந்தவன் ஒரு காசில் இறங்குவான். அறியாதவன் காசு போட்டுக்கொண்டே இருப்பான். சம்பளம் போதாதவனுக்குக் கங்காணி முன்பணம் கொடுத்த கதையைத்தான் இது நமக்கு நினைவூட்டுகிறது. கொடுத்தவன் கருணையால் கொடுத்தானா? அவ்வழக்கம் இப்போது கைப்பேசிக்குள்ளும் புகுந்து, பணம் கட்டினால் உயிர் தருகிறோம், வலிமை தருகிறோம் என்று பிள்ளைகளை இழுக்கும் விளையாட்டுகளாய்ப் பெருகியிருக்கிறது. பெற்றோர் சினம் அவற்றின்மேற் பாய்ந்தால் நாமும் கூடவே நிற்போம். நாம் பேசுகிற எளிய விளையாட்டில் எரிபொருள் விலைக்கு இல்லை. இருப்பது இருப்பதுதான்.

இனி மெய்யாகவே இறங்கியவர்களைப் பார்ப்போம். 2019 செப்டம்பர் 7-ஆம் நாள் அதிகாலையில் இந்தியாவின் சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் என்னும் கலம் நிலவில் மோதி உடைந்தது. காரணத்தைப் பின்னர் இந்திய விண்வெளி நிறுவனத்தின் தலைவர் சோமநாத் வெளிப்படையாகவே விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுதியாக உந்தின. பிழை நொடிக்கு நொடி சேர்ந்துகொண்டே போயிற்று. திருத்தவேண்டிய நேரத்தில் கலம் தன்னைத் திருப்பிக்கொள்ளும் வேகத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. இறங்கவேண்டிய இடமோ அரைக் கிலோமீட்டர்ச் சதுரம்தான். ஒட்டுக்கடைப் பையனுக்கு நேர்ந்ததற்கு இது மிகவும் தூரமில்லை. வேற்றுமை ஒன்று உண்டு: மெய்யான கலத்தை யாரும் விரலால் அழுத்தி ஆட்டமுடியாது. பூமியிலிருந்து செய்தி போய்ச்சேர ஒரு நொடிக்குமேல், விடை வர அதே அளவு. ஐந்து நொடிக்கும் ஆறு நொடிக்கும் நடுவே உயிர் இருக்கும் இடத்தில் அந்தத் தாமதம் ஆகாது. ஆகவே கணக்கு முழுவதையும் முன்கூட்டியே எழுதிக் கலத்துக்குள் வைத்து அனுப்பவேண்டும்.

உடைந்த கலத்தின் சிதறலை முதலில் கண்டுபிடித்தவர் சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா வெளியிட்டிருந்த நிலவுப் படங்களை வீட்டிலிருந்தபடியே ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்து அவர் பெயரையும் குறிப்பிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள், சந்திரயான்-3 கலம் நிலவின் தென்முனைப் பக்கம் இறங்கிற்று. இம்முறை எஞ்சின் நான்கு, எரிபொருள் கூடுதல், இறங்கும் இடம் 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 19 நிமிடத்தில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்; ரயில்வேயில் வேலை பார்த்த தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகன்; பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவர் முதலிற் சேர்ந்தது பாலிடெக்னிக்கில். பாலிடெக்னிக்கா, அது மார்க்கு வாங்காதவன் போகும் இடமாயிற்றே என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கலத்தின் கால்களையும் வண்டியின் சக்கரங்களையும் சோதிக்க நிலவின் மண்ணை ஒத்த மண் வேண்டியிருந்தது. அது கிடைத்தது நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியில். பழைய சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வம்சம் இந்தக் கிந்தா சமவெளியிலும் இருக்கிறது. பாட்டன் கால்பட்ட மண்ணின் பக்கத்து மண்தான் நிலவுக்கலத்துக்குப் பாடம் சொல்லிற்று!

மீண்டும் நாலு நம்பருக்கு வருவோம். அதன் கணக்கும் எளிது. எண்கள் 10,000, ஒரு குலுக்கலில் பரிசுக்குரியவை 23. விபத்தில் நசுங்கிய காரின் எண்ணை எழுதினாலும், கனவில் வந்த பாம்புக்குப் புத்தகம் பார்த்து எண் கண்டுபிடித்தாலும், சாமியாடி வாயிலிருந்து பெற்றாலும், 10,000-இல் 23 என்பது அணுவளவும் மாறாது. அந்த ஆட்டத்தை நாற்பது ஆண்டு ஆடியவரும் நேற்றுத் தொடங்கியவரும் ஒரே நிலையில் நிற்கிறார்கள். கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. நிலவில் இறங்கும் ஆட்டத்திலோ பத்தாவது முறை ஆடுபவன் முதன்முறை ஆடியவன் அல்லன். தோற்றவன் தன் ஜாதகத்தைப் பழிக்க இயலாது. எந்த நொடியில் பிசகினான் என்று எண்ணிப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பூட்டவேண்டிய பெட்டிக்குள் எதை வைக்கவேண்டும் என்பதைப் பெற்றோர்களே தீர்மானிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஸ்டோரர் 1969-இல் எழுதிய அந்த விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு உலகமெங்கும் பரவி, மொழிமாறி, பொறிமாறி ஆடப்பட்டும் அது வெளிப்படாமலே கிடந்தது. 2024-இல் மார்ட்டின் என்னும் மென்பொருள் எழுத்தாளர், நாம் மேலே சொன்னவாறு கடைசிவரை விழவிட்டு முழுவீச்சில் தடுக்கும் முறையை அதில் செய்துபார்த்தார். கணக்குப்படி இறங்கவேண்டிய கலம் இறங்கவில்லை. விடாமல் தேடியதில், ஒரு சூத்திரத்தில் இரண்டால் வகுக்கவேண்டிய இடத்தில் வகுக்காமல் விட்டிருந்தது தெரியவந்தது. ஆடியவர்கள் அத்தனை பேரும் தங்கள் கைப்பழக்கத்தையே குறைசொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். பொறியையே ஐயுற ஒருவருக்குத் தோன்றிற்று. ஐயுறுவதற்கு வேண்டிய கணக்கும் அவர் கையில் இருந்தது. ஆடத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இந்த ஐயமும் வரவேண்டும், எழுதத் தெரியவும் வேண்டும். 49 வரியில் அடங்கிய விஷயம்தானே!

கைப்பேசியைப் பிடுங்குவதற்குமுன் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துப் பாருங்கள். கணக்கு ஒன்றை நாமே தருகிறோம். உயரம் 1,250 அடி. விழும் வேகம் நொடிக்கு 50 அடி. நிலவின் இழுப்பு முன்போலவே 5. எஞ்சின் முழுவீச்சில் எரிந்தால் நொடிக்கு 15 பங்குக்குமேல் எரிக்க இயலாது. எத்தனை நொடி கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம்? தரை தொடும்போது செலவான எரிபொருள் எத்தனை பங்கு? விடை தசமப்புள்ளி இல்லாமல் முழு எண்ணாகவே வரும்.